நாலு வீட்டுக் கணக்கில் ஒரு சந்து

சொத்து வரி நோட்டீஸ் வந்த அன்று அதைப் பிரித்தது அவள்தான். வீட்டுக்கு வரும் எந்தக் கவரையும் அவள்தான் பிரிப்பாள். கணவர் கையில் கொடுத்தால் அவர் கத்தரிக்கோலைத் தேடி, ஓரத்தை நேராக வெட்டி, வெட்டிய துண்டைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வந்து உட்கார்வதற்குள் அவளுக்குப் பொறுமை போய்விடும். அவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பதினோரு வருஷமாக அடுத்தவர் கையில் ஸ்டீயரிங்கைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து சீட்டில் உயிரைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்தே பழகியவள். சட்டென்று முடிவெடுக்காவிட்டால் அந்த வேலையில் ஒரு நாள் தாக்குப்பிடிக்க முடியாது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். வீட்டில் பேசுவது என்றால் கணக்குப் பார்த்துத்தான் பேசுவார். அவளுடைய அக்கா போன் செய்தால், "உன் வீட்டு மியூட் எப்படி இருக்கார்?" என்றுதான் ஆரம்பிப்பாள். அது அவர் காதில் விழும்படியே பல தடவை சொல்லியிருக்கிறாள். அவரும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

நோட்டீஸைப் படித்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். வீட்டின் பரப்பு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது சதுர அடி என்று போட்டிருந்தது. வரி போன வருஷத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி.

"என்னங்க, இதப் பாருங்க! நம்ம வீடு எப்பங்க இவ்வளவு பெருசாச்சு? துவைச்சா துணி சுருங்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். நாலு வருஷம் குடியிருந்தா வீடு விரியுமா?"

அவர் வாங்கிப் படித்தார். திருப்பி ஒரு தடவை படித்தார். "அப்படித்தான் போட்டிருக்காங்க" என்றார்.

"போட்டிருக்காங்கன்னா? விட்டுடலாமா?"

"விடணும்னு சொல்லலியே."

அதற்கு மேல் அவரிடமிருந்து வார்த்தை வராது என்று அவளுக்குத் தெரியும். மறுநாள் காலை முதல் வகுப்பைத் தள்ளிப்போட்டுவிட்டு நேராக வரி அலுவலகத்துக்குப் போய் நின்றாள். ஒரு மணி நேரம் வரிசை. கவுண்டரில் இருந்த ஆள் நோட்டீஸைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்தே பார்த்தான். "இதுல என்ன தப்பு?" என்று கேட்டான். "எல்லாமே தப்பு" என்றாள் அவள். "எல்லாமேன்னு ஒரு ஃபாரம் எங்ககிட்ட இல்லம்மா" என்றான் அவன். பின்னால் நின்ற நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். அதன் பிறகு அவள் பேசியது அந்தக் கூடத்தின் கடைசி நாற்காலி வரை கேட்டது. ஆனால் கையில் ஒன்றும் கிடைக்கவில்லை. காவலாளி மரியாதையாகத்தான் கதவுவரை கொண்டுவந்து விட்டார்.

அன்று மாலை மூச்சுவிடாமல் நடந்ததைச் சொல்லி முடித்தபோது அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நம்ம வீட்டுக் கணக்குத் தாளோட நகல் கேட்டியா?"

"என்ன தாள்?"

"எதை வெச்சு இந்த எண்ணைப் போட்டாங்களோ, அந்தத் தாள். எதுன்னு ஒண்ணு இருக்கும்ல."

அவளுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அவ்வளவு நேரம் கத்தியதில் இந்த ஒன்றைக் கேட்கத் தோன்றவே இல்லை. "நீங்களே போய்க் கேட்டுப் பாருங்க, தெரியும்" என்று எழுந்து போனாள்.

அவர் போனார். அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போய், எழுதிக் கொடுத்து, நகல் கட்டணம் கட்டி, இரண்டு பக்கத் தாளோடு திரும்பினார். அந்தக் கவுண்டர் ஆளே நாற்காலி போட்டு உட்காரச் சொன்னானாம். "நீ என்ன சொன்னே?" என்று அவள் வாயில் வந்துவிட்டது, ஆச்சரியத்தில் 'நீங்க' கூட மறந்துபோனது. "நகல் வேணும்னு சொன்னேன்" என்றார்.

மூன்று நாள் சாயங்காலம் அந்த இரண்டு பக்கத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் கோளாறு என்றால் வயர்ப் படத்தை விரித்துப் பார்ப்பாரே, அதே மாதிரி. ஓரத்தில் பென்சிலால் புள்ளி வைப்பார், அழிப்பார், மறுபடி வைப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலை டேப்போடு வந்து நின்றார்.

"ஒரு முனையைப் பிடி."

"உங்க ஆபீஸ்ல சிவப்பு லைட் அடிச்சா தூரம் சொல்ற கருவி இருக்கே? அதை எடுத்துட்டு வந்திருந்தா அஞ்சு நிமிஷத்துல முடியுமே?"

"அது ஆபீஸ் சாமான்."

அவ்வளவுதான். கடையில் வாங்கிய முப்பதடி இரும்பு டேப்பை வைத்துக்கொண்டு காலை எட்டு மணிக்கு ஆரம்பித்த அளவெடுப்பு மத்தியானம் இரண்டு வரை ஓடியது. ஒவ்வொரு சுவரையும் இரண்டு தடவை அளந்தார். இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் மூன்றாவது. அலமாரியை நகர்த்தினார்கள். கட்டிலை நகர்த்தினார்கள். அவள் ஒரு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த தோடு ஒன்று கட்டிலின் காலடியில் கிடைத்தது. "வரி ஏறினதுக்கு இதாவது மிச்சம்" என்று காதில் மாட்டிக்கொண்டாள்.

"பத்து அடி நாலு அங்குலம்" என்பாள் அவள்.

"டேப் தொங்குது. இழுத்துப் பிடி."

"பத்து அடி மூணே முக்கால். போதுமா? மூச்சு விடலாமா?"

"இப்ப சரி."

வீட்டைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒரே வரிசையில் ஒட்டிக் கட்டிய நாலு வீடுகளில் அது கடைசி. வரிசையின் பின்னால் நாலடி அகலத்தில் ஒரு சந்து நீளமாக ஓடுகிறது. தண்ணீர்க் குழாய் பழுது பார்க்கிறவர்களும், குப்பை எடுக்கிறவர்களும், சைக்கிளைப் பின்பக்கம் நிறுத்துகிற எல்லாரும் அதன் வழியாகத்தான் போய்வருவார்கள். நாலு வீட்டுக்கும் பொது. சந்தின் வாய் இவர்கள் வீட்டு ஓரத்தில் இருந்ததால் நாய் நுழையாமல் இருக்க ஒரு தகரக் கதவு போட்டிருந்தார்கள். மாடியில் ஒரே ஓர் அறை. அதன் முன்னால் மொட்டைமாடியில் நாலு இரும்புக் கால் மேல் தகரக் கூரை, துணி காயப்போட. சுவர் கிடையாது, மழை சாய்ந்து பெய்தால் நனையாத இடமும் கிடையாது.

அளவுகளைக் கூட்டி முடித்த பிறகு அவர் ரொம்ப நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"மாடித் தகரத்தை ரூம்னு போட்டிருக்காங்க. இருநூத்தி இருபது அடி. சந்தையும் நம்ம வீட்டுக்குள்ள சேர்த்திருக்காங்க. இருநூத்தி எட்டு."

"சந்தா? அது நம்மளோடதே இல்லியே!"

"கதவு நம்ம பக்கம் இருக்குல்ல. பார்த்தவங்களுக்கு அப்படித் தோணியிருக்கும்."

கோபத்தில் அவளுக்கு டேப்பைச் சுருட்டக்கூடக் கை வரவில்லை. அவருக்கோ கோபமே வரவில்லை. வேறு ஒரு சந்தேகம்தான் வந்தது. எல்லா வீட்டு மதிப்பீடும் யாரும் பார்க்கலாம் என்று அலுவலகத்தில் ஒரு பெரிய பதிவேடு வைத்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை வேலைக்கு நடுவில் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் செருப்பைக் கழற்றும்போதே சிரித்துக்கொண்டிருந்தார். அவர் அப்படித் தனக்குத்தானே சிரித்து அவள் பார்த்ததில்லை.

"நாலு வீட்டுக்கும் அதே இருநூத்தி எட்டு ஏத்தியிருக்காங்க. ஒரே சந்து, நாலு வீட்டுக் கணக்குல உட்கார்ந்திருக்கு."

"அட கடவுளே! ஒரு சந்துக்கு நாலு வரியா?"

"நாலு."

அவளும் சிரித்துவிட்டாள். பக்கத்து வீடுகளுக்கு உடனே ஓடிப்போய்ச் சொன்னதும் அவள்தான். நல்ல செய்தி கொண்டுபோகிறோம் என்ற நினைப்பில் போனவளுக்கு அங்கே கிடைத்த முகங்கள் வேறு மாதிரி இருந்தன.

முதல் வீட்டில் இருப்பவர் பேக்கரி வைத்திருக்கிறார். இரண்டாவது வீட்டில் டியூஷன் எடுக்கும் அக்கா தங்கை இருவர். மூன்றாவது வீடு தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவருடையது. அன்று மாலையே பேக்கரிக்காரர் மற்றவர்கள் சார்பில் வந்து உட்கார்ந்தார். மாவு ஒட்டிய கைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சார், உங்க நியாயம் புரியுது. ஆனா நீங்க மனு போட்டா அவங்க டேப்பைத் தூக்கிட்டு வருவாங்க. வந்தவங்க உங்க வீட்டோட நிப்பாங்களா? நான் பின்னாடி அடுப்புக்குன்னு ஒரு ரூம் எடுத்திருக்கேன், உங்களுக்கே தெரியும். டியூஷன் டீச்சருங்க மாடியில கொட்டகை போட்டிருக்காங்க. சந்து வரி போனாப் போகட்டும் சார். கிளறாதீங்க."

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவரே பேசினார்.

"நான் என் வீட்டைப் பத்திப் பேசுவேன். சந்தைப் பத்திப் பேசுவேன். உங்க வீட்டைப் பத்திப் பேச மாட்டேன்."

"அவங்க கேட்டா?"

"கேட்டாலும்."

பேக்கரிக்காரர் அரைமனதோடு எழுந்து போனார். அவர் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மற்றவர்கள் கதை இருக்கட்டும். இவர்கள் வீட்டுக் கொல்லையிலும் ஒன்று இருக்கிறதே! போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மரத்தடியில் ஒன்பதுக்குப் பத்தில் கணவர் ஒரு வேலை அறை கட்டினார். பழைய மோட்டார், கியர், ரிலே எல்லாம் வைத்துக் குடைவதற்கு. கிளைகள் மூடியிருப்பதால், வரி அலுவலகத்தார் மேலேயிருந்து எடுத்த படத்தில் அது விழவில்லை. கணக்குத் தாளிலும் இல்லை.

மனு கொடுத்தாயிற்று. விசாரணை நாள் காலை. சாப்பிட உட்கார்ந்தபோது அவர் வரைந்த படத்தை விரித்துப் பார்த்தாள். ஸ்கேல் வைத்துப் போட்ட கோடுகள், ஒவ்வொரு கோட்டின் மேலும் அடியும் அங்குலமும். கொல்லை மூலையில் அந்த வேலை அறையும் கச்சிதமாக நின்றது, தொண்ணூறு சதுர அடி என்ற எழுத்தோடு.

"இது எதுக்குங்க இங்க?"

"அங்க இருக்கு, அதனால இங்க இருக்கு."

"அவங்க கேக்கவே இல்லியே! அவங்க தாள்லயே இல்லாததை நாமளாப் போய்ச் சொல்றதா? அதிகமாப் போட்டதைக் குறைக்கப் போறீங்களா, குறைச்சலா இருக்கறதை ஏத்தப் போறீங்களா?"

அவர் சாப்பிட்டு முடித்தார். தட்டைக் கழுவி வைத்தார். படத்தைச் சுருட்டி உறையில் போட்டுக்கொண்டார். 'சரி, நான் பேசிக்கொள்கிறேன். அந்தப் படத்தை நீட்ட விடக் கூடாது' என்று அவள் மனசுக்குள் தீர்மானம் செய்துகொண்டாள்.

விசாரணை அறை சின்னது. ஒரு நீள மேஜை, அதற்கு அந்தப் பக்கம் மேல்முறையீட்டுக் குழுவின் தலைவி, கண்ணாடியை மூக்கின் நுனியில் வைத்திருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள். மேஜையின் ஓரத்தில் இந்த வீட்டுக்கு மதிப்புப் போட்ட இளம் அலுவலர், கையில் டேப்லெட்டுடன். இவர்கள் உள்ளே போனபோது காலையிலிருந்து எத்தனையோ பேரைக் கேட்டுக் களைத்த முகங்கள்தான் எதிரே இருந்தன. சுவர்க் கடிகாரத்தைத் தலைவி இரண்டு தடவை பார்த்தார்.

முதலில் பேசியது அவள்தான். போன வருஷ வரியில் ஆரம்பித்தாள். எதிர்ச் சாரியில் பெரிய வீட்டுக்குக் குறைந்த வரி என்றாள். கவுண்டரில் சிரித்ததைச் சொன்னாள். தான் சம்பாதிப்பது எவ்வளவு, பெட்ரோல் விலை எங்கே போகிறது என்பதற்கு வந்தபோது தலைவி பேனாவை மேஜையில் வைத்தார்.

"அம்மா, உங்க கஷ்டம் புரியுது. பெட்ரோல் விலையை இந்தக் குழுவால குறைக்க முடியாது. பரப்புல தப்பா, மதிப்புல தப்பா? அதை மட்டும் சொல்லுங்க. உங்களுக்கு அப்புறம் இன்னும் ஒன்பது பேர் காத்திருக்காங்க."

அவள் ஆயிரம் தடவை மனசில் ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போது பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"பரப்புலதாங்க. ரெண்டு இடத்துல. ஒவ்வொண்ணாச் சொல்றேன், அவசரம் இல்லாம. நாலு நிமிஷத்துல முடிஞ்சிடும்."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர்தான். ஆனால் வீட்டில் கேட்ட குரல் இல்லை இது. தணிந்து, நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையும் தரையில் கால் ஊன்றி நிற்பதுபோல் இருந்தது. அவருடன் வேலை செய்யும் ஒருவர் எப்போதோ ஒரு கல்யாணத்தில் அவளிடம் சொல்லியிருந்தார்: லிஃப்ட் நடுவில் நின்று உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கத்திக் கதறினாலும், இவர் கதவுக்கு வெளியே நின்று பேச ஆரம்பித்தால் இரண்டு நிமிஷத்தில் அமைதியாகிவிடுவார்களாம். அன்று அவள் நம்பாமல் சிரித்தாள். 'இவரா? பேசவா?' என்று கேட்டாள். இந்தக் குரல்தானா அது! இத்தனை வருஷம் இருட்டுப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட யார் யாரோ கேட்ட குரலை, கட்டிக்கொண்ட பெண்டாட்டி இன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்கிறாள்.

அவர் மாடித் தகரத்தின் மூன்று போட்டோக்களை வைத்தார். "கூரை இருக்கு. சுவர் இல்லை. உங்க தாள்ல ரூம்னு இருக்கு." அடுத்து சந்து. நாலு வீட்டு வரைபடத்தில் சந்தை மட்டும் பென்சிலால் நிழல் போட்டிருந்தார். "இது பொது வழி. பத்திரத்துல நாலு பேருக்கும் பாத்தியம்னு இருக்கு, நகல் பின்னால வெச்சிருக்கேன். பதிவேட்டுல நாலு வீட்டுக்கும் தனித்தனியா ஏறியிருக்கு. பக்க எண் குறிச்சிருக்கேன்."

ஒரு உறுப்பினர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தலைவி பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். புரட்டினார்கள். முதல் வீடு, இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. இருநூற்று எட்டு, இருநூற்று எட்டு. தலைவி மெல்லக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இளம் அலுவலரைப் பார்த்தார். அந்தப் பையன் முகம் வெளிறிப்போனது. டேப்லெட்டில் எதையோ தேடுவது போல விரலால் தள்ளிக்கொண்டே இருந்தான்.

வேறு யாராவது என்றால் அந்த இடத்தில் ஒரு மிதி மிதித்திருப்பார்கள். அவளே மிதித்திருப்பாள். அவர் அப்படிச் செய்யவில்லை.

"சார் மேல தப்புன்னு சொல்ல முடியாதுங்க. சந்துல கதவு போட்டது நாங்கதான். வெளியில நின்னு பார்க்கிறவங்களுக்கு அது வீட்டோட சேர்ந்த மாதிரிதான் தெரியும். உள்ளே ஆள் இல்லாத நேரத்துல வந்திருப்பாரு."

"ரெண்டு தடவை வந்தேன் மேடம். பூட்டியிருந்தது" என்றான் அவன், குரல் கொஞ்சம் திரும்பி வந்தவனாக.

"ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க" என்று அவர் ஒத்துக்கொண்டார்.

இன்னொரு உறுப்பினர் பதிவேட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். "மத்த மூணு வீட்டுலயும் புதுசா ஏதாவது கட்டியிருக்காங்களா?"

அவளுக்குப் பேக்கரிக்காரரின் மாவு ஒட்டிய கைகள் ஞாபகத்துக்கு வந்தன.

"அது அவங்க வீடுங்க. அவங்களைத்தான் கேக்கணும். நான் என் வீட்டுக்குத்தான் மனு போட்டிருக்கேன்" என்றார் அவர், அதே குரலில். அந்தக் குரலோடு சண்டை போட யாருக்கும் வழி இல்லை. உறுப்பினர் தலையை ஆட்டிவிட்டு விட்டுவிட்டார்.

"சரி. வேற ஏதாவது உண்டா?" என்று தலைவி கேட்டார். கேட்ட தொனியே 'எழுந்து போகலாம்' என்பதுதான்.

மேஜைக்கு அடியில் அவள் காலை நகர்த்தி அவர் ஷூவின் மேல் வைத்து அழுத்தினாள். டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் நிறுத்தாவிட்டால் இவள் மிதிப்பாள். அந்தப் பழக்கத்தில் முழு பலத்தோடு மிதித்தாள். வண்டி நிற்கவில்லை.

"ஒண்ணு உண்டுங்க. கொல்லையில மரத்தடியில ஒரு வேலை அறை கட்டியிருக்கேன். ரெண்டு வருஷம் ஆச்சு. தொண்ணூறு சதுர அடி. உங்க கணக்குல வரலை. படத்துல போட்டிருக்கேன்."

தலைவி படத்தைத் தன் பக்கம் திருப்பி அந்த மூலையைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"இதைச் சேர்த்தா ரெண்டு வருஷத்துக்கும் பாக்கி போடுவோம். தெரியுமா?"

"தெரியுங்க."

"அப்புறம் ஏன் சொல்றீங்க?"

"பரப்பு சரியா இல்லைன்னு மனு போட்டிருக்கேன். சரியான பரப்பு இதுதான்."

தலைவி பாராட்டெல்லாம் சொல்லவில்லை. நேரில் வந்து அளக்க ஆள் அனுப்புவோம் என்று எழுதிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிடச் சொன்னார்.

அவள் அவருக்கு முன்னால் விறுவிறுவென்று படியிறங்கினாள். பேருந்து நிறுத்தம் வரை திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அங்கே நின்றதும், "கால் வலிக்குதா?" என்று கேட்டாள்.

"பரவால்ல. ஷூ போட்டிருந்தேன்."

"கோபமா இருக்கேன். தெரியுதுல்ல?"

"தெரியுது."

உண்மையில் கோபம் எங்கே இருக்கிறது என்று அவளே உள்ளே தேடிக்கொண்டுதான் இருந்தாள். இருக்கிறதென்று நினைத்த இடத்தில் அது இல்லை. அந்தப் பையன் வெளிறி நின்றபோது இவர் பேசியதும், பக்கத்து வீடுகளைப் பற்றிக் கேட்டபோது இவர் பேசியதும்தான் திரும்பத் திரும்பக் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு வாரம் கழித்து அளக்க வந்தவர் வேலையில் முப்பது வருஷம் பழுத்த ஓர் அம்மா. வியர்வையைத் துடைத்துக்கொண்டு வேகமாக அளந்தார். சந்துக்குள் நடந்துபோய்த் திரும்பினார். பேக்கரிக்காரர் தன் வீட்டுப் பின்கதவில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அடுப்பு அறையின் புகைபோக்கி அவர் தலைக்கு மேலேயே நின்றது. அந்த அம்மா அதை ஏறிட்டுப் பார்த்தார். "என் தாள்ல இன்னைக்கு இந்த ஒரு வீடுதான் இருக்கு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

முடிவில் தன் கூட்டலையும் படத்திலிருந்த கூட்டலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கால்குலேட்டரில் மறுபடி தட்டினார்.

"இந்தப் படம் எந்த இன்ஜினியர் போட்டது?"

"இவர்தான். லிஃப்ட் மெக்கானிக்" என்றாள் அவள்.

"ரெண்டு சதுர அடிதான் வித்தியாசம். அதுகூட என் டேப் தொங்கினதா இருக்கும்." அந்த அம்மா படத்தை இன்னொரு தடவை பார்த்தார். "எங்க ஆபீஸ்ல சேர்றதுக்கு இவருக்கு வயசு தாண்டிடுச்சு, பாவம் நாங்க" என்றார்.

அவர் காது சிவந்துபோய்க் கொல்லைப் பக்கம் போய்விட்டார். அவள்தான் நின்று அந்தப் பாராட்டை முழுசாக வாங்கிக்கொண்டாள்.

மூன்று வாரத்தில் தீர்ப்பு வந்தது. சந்து நாலு வீட்டுக் கணக்கிலிருந்தும் நீக்கப்பட்டது. மாடித் தகரத்தை முழுசாக விடவில்லை. கூரை கூரைதானே என்று பாதிப் பரப்பைக் கணக்கில் வைத்துக்கொண்டார்கள். வேலை அறை சேர்ந்தது, இரண்டு வருஷப் பாக்கியோடு. தானே சொன்னதால் அபராதம் மட்டும் இல்லை. ஆக மொத்தம் ஆயிரத்து எழுநூற்றுப் பதினாலு. அவர் வாய் மூடியிருந்தால் தொண்ணூறு அடி இன்னும் குறைந்திருக்கும். அவள் அதைக் கழித்துப் பார்த்தாள், ஒரு தடவைதான்.

பக்கத்து வீடுகளில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி இருந்தார்கள். தபால்காரர் வந்து இரண்டு கையாலும் இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். டியூஷன் அக்கா தங்கை, தங்களுக்குச் சந்து வரி போனது ஏதோ தானாக நடந்த மாதிரி, ஒன்றும் சொல்லவில்லை. பேக்கரிக்காரர் நாலு நாள் யோசித்துவிட்டு ஐந்தாம் நாள் வந்தார். அடுப்பு அறையையும் சேர்த்து ஒரு தடவை முறையாக அளந்து எழுதிக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை சார் வர முடியுமா என்று கேட்டார். "தினமும் ராத்திரி படுத்தா அந்தப் புகைபோக்கிதான் கண்ணு முன்னாடி நிக்குது சார்" என்றார்.

அன்று மாலை அக்கா போன் செய்தாள். "உன் வீட்டு மியூட் எப்படி..." என்று ஆரம்பித்தவளை இவள் முடிக்க விடவில்லை.

"அக்கா, இனிமே அவரை அப்படிச் சொல்லாதே."

"ஏண்டி, என்ன ஆச்சு?"

இவள் விசாரணைக் கதையை முதலிலிருந்து சொன்னாள். தான் பெட்ரோல் விலையைச் சொல்லி மாட்டிக்கொண்டதையும் மறைக்கவில்லை. கேட்டுக்கொண்டே வந்த அக்கா, வேலை அறை விஷயம் வந்ததும் துள்ளினாள். "பைத்தியமா இவருக்கு? நீ பக்கத்துல இருந்து என்ன பண்ணினே?"

"பிரேக் போட்டேன்."

"அப்புறம்?"

"அவர் சரியான ரூட்லதான் போயிட்டிருந்தார்க்கா" என்றாள். சொன்ன பிறகுதான் அதைத் தான் முழுசாக நம்புவது அவளுக்கே தெரிந்தது.

போனை வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனாள். வேலை அறையின் கதவு அகலத் திறந்திருந்தது. அவர் குனிந்து ஏதோ ஒரு ரிலேயைப் பிரித்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"உங்களுக்கு அன்னைக்குப் பயமே இல்லியா?"

"இருந்துச்சு. மூணு நாள் சரியாச் சாப்பிடலை. நீ கவனிக்கலை."

அவள் கவனிக்கவில்லைதான். பதினாறு வருஷக் குடித்தனத்தில் தான் கவனிக்காத இன்னும் எத்தனையோ இருக்கும் என்று தோன்றியது. உள்ளே வந்து, கியர் பெட்டி ஒன்றை நகர்த்திவிட்டு, இருந்த ஒரே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். அந்த அறையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவர் ஏன் என்று கேட்கவில்லை. கையிலிருந்ததைக் காட்டி, இது எப்படி வேலை செய்கிறது தெரியுமா என்று சொல்ல ஆரம்பித்தார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.